ஐம்பத்தேழு தலைப்புகளுக்கு ஒரு நிபுணர்

வீட்டில் என் தங்கைக்குக் கட்டெறும்பு என்று பெயர். வைத்தவர் எங்கள் சித்தப்பா. வைக்கக் காரணமும் அவரேதான். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அணைக்கட்டைப் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், அவள் தூங்கி எழுவதற்குள் தன் பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் அழவில்லை. அன்றிலிருந்து மூன்று வருடம், சித்தப்பா தன் மூக்குக்கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டு வீட்டைப் புரட்டிப் போடும்போதெல்லாம், அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள். அவள் ஒருநாளும் அதை ஒளித்து வைத்ததில்லை. இருக்கும் இடத்தைச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். யாருக்காகவும் படிப்பைத் தியாகம் செய்யவில்லை. கணக்கு வரவில்லை, நின்றேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை வெட்டும் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். இருபத்தொன்பது வருடத்தில் திரும்பி வந்தவை பதினான்கு. என் தங்கை பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். மலையடிவாரத்துத் தெருக்களில் எந்த மண் நிற்கும், எந்த மண் வழுக்கும் என்பது அவளுடைய படிப்பு. கடைக்கு வருகிறவர்களிடம் இதை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று என் முதலாளிதான் எண்ணி வைத்திருப்பார்.

ஐந்து வருடத்துக்கு முன், தொடர்மழையில் ஒரு வீடு சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொலைக்காட்சியில் அன்று மாலையே விவாதம் வைத்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் போனார்கள்: என் தங்கையும், அவளுடைய துறைத்தலைவரும். மாணவர்கள் அவரை ரேடியோ என்பார்கள். போட்டுவிட்டால் நிற்காது, எதிரே யாரும் இல்லாவிட்டாலும் பேசும்.

நெறியாளர் என் தங்கையைக் கேட்டார்: "அடுத்த தெருவும் சரியுமா, மேடம்?"

"தெரியாது. குழி போட்டு மண்ணைப் பார்க்காம சொல்ல முடியாது."

நெறியாளர் சிரித்தார். "நிபுணர்னு கூப்பிட்டா நீங்களே தெரியாதுன்னு சொன்னா எப்படி?"

உடனே ரேடியோ குறுக்கே புகுந்தார். "நான் சொல்றேன். அடுத்த தெருவுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. என் துறையில இப்படியும் ஒருத்தர் இருக்காங்கன்னு நினைச்சா வருத்தமா இருக்கு."

அடுத்த தெரு சரியவில்லை. மழை நின்றுபோனதுதான் காரணம். ஆனால் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அந்த எட்டு விநாடித் துண்டு ஊரெல்லாம் சுற்றியது. என் கடைக்கு வந்த ஒருவரே, அவள் என் தங்கை என்று தெரியாமல், கைப்பேசியில் எனக்குப் போட்டுக் காட்டிச் சிரித்தார். அவருடைய வில்லையை நான் சரியாகத்தான் வெட்டிக் கொடுத்தேன். தொழில் வேறு.

பல்கலைக்கழகத்தில் நிபுணர் பட்டியல் என்று ஒன்று உண்டு. பத்திரிகைக்காரர்கள், வானொலிக்காரர்கள், குடியிருப்போர் சங்கங்கள், மகளிர் குழுக்கள், முதியோர் மன்றங்கள் என்று யாருக்குப் பேச ஆள் வேண்டுமானாலும் அந்தப் பட்டியலுக்கான மேசைக்குத் தொலைபேசியில் கேட்பார்கள். மேசையிலிருப்பவர் தலைப்பைக் கேட்டு, உரிய பேராசிரியரை அனுப்புவார். கூடவே போய், கூட்டத்தார் எழுதிக் கொடுக்கும் கேள்விச் சீட்டுகளை மேடையில் படித்து, யார் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று அறிக்கை எழுதுவதும் அவர் வேலை. அந்த வாரமே ரேடியோ என் தங்கையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார். ஆறு மாதம் கழித்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தர் ஓய்வு பெற்றார். அந்த வேலையையும் பாடம் நடத்துவதோடு சேர்த்து அவள் தலையிலேயே கட்டினார் ரேடியோ. "பேச வரலன்னா போனாவது எடுங்க" என்று சொன்னாராம்.

எழுத்தர் கிளம்பும்போது அவளிடம் ஒரு கோப்பைக் கொடுத்து, "தலைவரோட படிவத்தை மட்டும் நம்பிடாதீங்கம்மா" என்றார்.

நிபுணர் படிவம் நான்கு பக்கம். அறுபத்திரண்டு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். தெரிந்த தலைப்பில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். மற்றவர்கள் இரண்டு போட்டிருந்தார்கள், மூன்று போட்டிருந்தார்கள். ரேடியோ ஐம்பத்தேழு போட்டிருந்தார். பட்டியல் புத்தகத்தில் அதிகத் தலைப்பு வைத்திருப்பவரின் படம் முதலில் வரும் என்பதுதான் காரணம். தேனீ, கரையான், நிலநடுக்கம், முதியோர் மறதி, கட்டடப் பாதுகாப்பு, குழந்தை வளர்ப்பு, எல்லாவற்றிலும் டிக். அவருக்குக் குழந்தையும் கிடையாது.

பழைய எழுத்தர் நல்ல மனிதர். தேனீ பற்றி யாராவது கேட்டால் சத்தமில்லாமல் தேனீ படித்தவரை அனுப்பிவிடுவார். ரேடியோவுக்கு மண்ணும் மழையும் தொலைக்காட்சியும் மட்டும் போகும். தன்னை யார் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது ரேடியோவுக்குத் தெரியவே தெரியாது.

என் தங்கையும் இரண்டு வருடம் அப்படியேதான் செய்தாள். பிறகு ஒருநாள் வெளியூர் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். ரேடியோ எல்லோரையும் அறிமுகம் செய்துகொண்டே வந்து, அவள் முறை வந்ததும், "இவங்கதான் எங்க தெரியாது மேடம்" என்றார். விருந்தினர்கள் சிரித்தார்கள். தேநீர் கொண்டுவந்தவரும் சிரித்தார்.

அன்று அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "அண்ணா, நான் நாளையிலேர்ந்து விதிப்படி வேலை செய்யப்போறேன்" என்றாள்.

"இதுவரைக்கும் எப்படிச் செஞ்சே?"

"இரக்கப்பட்டுச் செஞ்சேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "உங்க சித்தப்பாவுக்கு இப்ப எத்தனை வயசாச்சு? அவரைக் கூப்பிட்டு இந்த ரேடியோகிட்ட எச்சரிக்கை பண்ணச் சொல்லுங்க."

பட்டியலின் விதியை எழுதியவரும் ரேடியோதான். ஒரு தலைப்பில் டிக் போட்டவர் பலர் இருந்தால் துறைத்தலைவருக்கே முதல் உரிமை என்று எழுதிவைத்திருந்தார். என் தங்கை அதை ஒரு எழுத்தும் மீறவில்லை. கரையான் என்று அழைப்பு வந்தால் ரேடியோ. நிலநடுக்கம் என்றால் ரேடியோ. முதியோர் மறதி என்றால் ரேடியோ. எத்தனை பேருக்கு மறுப்புச் சொன்னார் என்கிற எண் பட்டியல் புத்தகத்தில் படத்துக்குக் கீழேயே அச்சாகும். அவருடையது பூஜ்யம். அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வராது.

முதல் மூன்று மாதம் படுதோல்வி. தோற்றது ரேடியோ அல்ல, நாங்கள். முதியோர் மன்றத்தில் மறதியைப் பற்றி ஒரு மணி நேரம் வாயில் வந்ததைப் பேசினார். எழுந்து நின்று கை தட்டினார்கள். கரையானுக்கு ஏதோ சொன்னார், குறிப்பெடுத்துக்கொண்டார்கள். என் தங்கை ஒவ்வொரு பதிலையும் வார்த்தை மாறாமல் அறிக்கையில் எழுதி அனுப்பினாள். அலுவலகத்தில் அவற்றைப் படிக்காமல் கோப்பில் சேர்த்தார்கள்.

"நீ அவரைப் பழிவாங்கல, பிரபலமாக்கிட்டு இருக்கே" என்றாள் என் மனைவி. "இப்படியே போனா அவருக்குச் சிலை வச்சிடுவாங்க."

என் தங்கை இரண்டு நாள் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும் அண்ணி. அதுதான் குறை."

அதன்பின் அவள் சும்மா அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. தொழில் செய்கிறவர்களின் சங்கங்களுக்குக் கடிதம் போட்டாள். உங்கள் உறுப்பினர்களுக்குப் பல்கலைக்கழக நிபுணர் வந்து பேசுவார், இலவசம். தேனீ வளர்ப்போர் சங்கம்தான் முதலில் கேட்டது. என் கடைக்கு வார விடுமுறை; நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

என் தங்கை சீட்டைப் படித்தாள்: "எந்தத் தேனீ கொட்டினா வலி அதிகம்னு கேக்கறாங்க, சார்."

"சந்தேகமென்ன? ஆண் தேனீ. அதுக்குத்தான் வேகம் அதிகம்."

முன்வரிசையில் ஒரு பெரியவர், "ஐயா, அதுக்குக் கொடுக்கே கிடையாதே!" என்றார். மண்டபமே குலுங்கியது. ஒருவர் நாற்காலியிலிருந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். ரேடியோவும் ஏதோ தானே நகைச்சுவை சொன்ன மாதிரி சேர்ந்து சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது மின்தூக்கி பழுதுபார்ப்பவர்கள். கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று கேள்வி. தரையைத் தொடும் நொடியில் மேலே குதிக்க வேண்டும் என்றார். "நீங்க குதிங்க சார், நாங்க பாத்து எழுதிக்கறோம்" என்று ஒரு குரல் வந்தது.

மறுநாள் அவர் மேசைக்கு வந்தார். "மேடம், கொஞ்சம் பாத்து அனுப்புங்களேன்."

"மறுப்புன்னு போட்டுடவா, சார்?"

"வேணாம் வேணாம். பாத்து அனுப்புங்கன்னேன்."

"நீங்க போட்ட டிக்கைப் பாத்துத்தான் சார் அனுப்பறேன்."

இப்படியே போயிருந்தால் இது ஒரு சிரிப்புக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு திங்கட்கிழமை, மலைச்சரிவில் உள்ள ஓர் அடுக்ககத்திலிருந்து அழைப்பு வந்தது. சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கட்டடத்துக்குப் பின்னால் மண்ணைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய சுவர் இருக்கிறது, அதைப் பற்றி யாராவது வந்து பேச வேண்டும், வெள்ளிக்கிழமை தொலைக்காட்சிக்காரர்களும் வருகிறார்கள் என்றார். பேச்சோடு பேச்சாக, "முன்னெல்லாம் சுவத்துல இருக்கிற ஓட்டையிலேர்ந்து மழைக்கு அப்புறம் தண்ணி வரும்மா. இந்த வருஷம் ஒரு சொட்டு இல்ல. நல்லதாப் போச்சு, தரை சுத்தமா இருக்கு" என்றார்.

என் தங்கை அதைக் கேட்டதும் முகவரியை வாங்கி எழுதிக்கொண்டாளாம். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேறத்தான் அந்தத் துளைகள். நல்ல மழை பெய்தும் தண்ணீர் வரவில்லை என்றால் துளை அடைத்துவிட்டது, தண்ணீர் உள்ளேயே நின்று சுவரைத் தள்ளுகிறது என்று பொருள். அன்றே போய்ப் பார்த்தாள். சுவர் நடுவில் வயிறு வைத்திருந்தது. பின்பக்கக் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக் கதவு சாத்தவே முடியவில்லை. நகராட்சிப் பொறியாளருக்கு உடனே கடிதம் எழுதினாள். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, துறைத்தலைவரைத் தொலைபேசியில் கேட்டார். ரேடியோ இடத்தைப் பார்க்காமலே "ஒண்ணும் பயமில்ல" என்றார். பொறியாளர் அதையே எழுதிக் கோப்பை மூடினார்.

ரேடியோ அவளைக் கூப்பிட்டு, "யாரைக் கேட்டுக் கடிதம் போட்டீங்க? பட்டியல்ல உங்க பேர் இருக்கா?" என்றார்.

அன்று வீட்டில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "நீ பேசாம இரு. வெள்ளிக்கிழமை அவர் டிவியில ஆபத்தில்லன்னு சொல்லட்டும். ஒரு மழை வரட்டும். மிச்சத்தைச் சுவரே சொல்லும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அண்ணா, பின்னால ஆறு வீடு இருக்கு."

"உங்க அண்ணன் ஊருக்கெல்லாம் கண்ணாடி வெட்டுறாரு. ஆத்திரம் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாது" என்றாள் என் மனைவி.

"அவர் விழணும். சுவர் விழக்கூடாது" என்றாள் என் தங்கை. "ரெண்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள."

வெள்ளிக்கிழமை மாலை, சுவரை ஒட்டிய வாகன நிறுத்தத்தில் கூட்டம். அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கேமரா. நாற்காலிகளைச் சுவரிலிருந்து தள்ளி எதிர்ப்பக்கம் போட வைத்திருந்தாள் என் தங்கை. நெறியாளர் அதே ஆள். என் தங்கையை அடையாளம் கண்டு லேசாகப் புன்னகைத்தார். சுவருக்கு முன்னால் நின்றால் படம் நன்றாக வரும் என்று ரேடியோ தானே போய் அங்கே நின்றுகொண்டார். கட்டடத்துக் குழாய் வேலைக்காரர் ஒரு நீளமான இரும்புக் கம்பியும் சுத்தியலுமாக ஓரத்தில் நின்றார். அவரை வரச் சொன்னவள் என் தங்கை.

நாற்பது நிமிடம் ரேடியோ மலைகளின் தோற்றத்தைப் பற்றிப் பேசினார். பிறகு சீட்டுகள்.

"துளையில தண்ணி நின்னுபோச்சு, நல்லதா கெட்டதான்னு ஒருத்தர் கேக்கறாங்க, சார்."

"இதுல சந்தேகமே வரக்கூடாது. தண்ணி நின்னதுன்னா உள்ள மண்ணு காஞ்சு கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம். என் முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். கவலையில்லாமத் தூங்குங்க." கை தட்டினார்கள்.

என் தங்கை தட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். "அடுத்த சீட்டு உங்க குழாய்க்காரர் எழுதினது. துளைக்குள்ள கம்பி விட்டுக் காட்டவான்னு கேக்கறார்."

"தாராளமாக் காட்டட்டுமே" என்று சிரித்தார் ரேடியோ. நகரக்கூட இல்லை.

குழாய்க்காரர் இடுப்பு உயரத்தில் இருந்த துளையில் கம்பியைச் செருகினார். ஒரு முழம் போய் நின்றது. சுத்தியலால் நான்கு அடி. ஐந்தாவது அடியில் கம்பி உள்ளே போய்விட, அவர் அதை வெளியே இழுத்தார். கூடவே சேற்றுக் கட்டி ஒன்று வந்து விழுந்தது. அதன் பின்னால் தண்ணீர். கை பருமனில், காப்பி நிறத்தில், ரேடியோவின் இடுப்புக்குக் கீழே நேராக அடித்தது. இரண்டடி தள்ளிப் போய் நின்றார். தண்ணீர் அங்கேயும் வந்தது.

"மண்ணு காஞ்சிருக்கா, சார்?" என்று ஒலிபெருக்கியில் கேட்டாள் என் தங்கை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ நின்று நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு அவர் பக்கம் அவள் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பதினோரு நிமிடம் பேசினாள். பின்பக்கத்து ஆறு வீடும் இப்போதே காலி செய்ய வேண்டும், யாரும் இங்கே வண்டி நிறுத்தக் கூடாது, துளைகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், நடுவில் கை வைக்கக் கூடாது. சங்கச் செயலாளரான அந்தப் பழைய ஓட்டுநர் கடைசியில் எழுந்து, "போன் எடுக்கறவங்கன்னுல்ல நினைச்சேன், நீங்க யாரும்மா?" என்றார்.

"சீட்டு படிக்கிறவங்க" என்றாள்.

மறுநாள் பொறியாளர் ஓடிவந்தார். இருபத்திரண்டு துளையில் பத்தொன்பது அடைபட்டிருந்தன. சுவர் ஒன்பது சென்டிமீட்டர் முன்னால் வந்திருந்தது. முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். சுவர் நிற்கிறது.

அடுத்த வாரம் ரேடியோ மேசைக்கு வந்து கதவைச் சாத்தினார். பட்டியல் விதிப்படி படிவத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் திருத்தலாம். நடுவில் திருத்த மேசைப் பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும். அதுவும் அவர் எழுதியதே.

"மேடம், மண்ணை மட்டும் வச்சுக்கறேன். மத்த டிக்கெல்லாம் எடுத்துடுங்க. நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கே உங்க பேரைப் பட்டியல்ல ஏத்திடறேன்."

அவள் ஒருநாள் அவகாசம் கேட்டாள். வீட்டில் என் மனைவி, "கையெழுத்தைப் போட்டுட்டு உன் பேரை வாங்கு. போதும், அந்த ஆளு நனைஞ்சுட்டாரு" என்றாள். நானும் "பேரை வாங்கிக்கோம்மா" என்றேன். வாய்தான் சொன்னது.

"அண்ணா, மண்ணைப் பத்தி இதுவரைக்கும் நூத்தி முப்பத்தொரு அழைப்பு வந்திருக்கு" என்றாள். "நூத்தி முப்பத்தொரு தடவை என் பாடத்தை நானே போன்ல எடுத்து, அவர்கிட்ட கொடுத்து, பக்கத்துல உக்காந்து அவர் தப்பாச் சொல்றதைக் கேட்டுட்டு வந்திருக்கேன். அவர் ஒரு தடவை நனைஞ்சாரு."

மறுநாள் ரேடியோவிடம் சொன்னாள்: "ஆண்டுத் திருத்தத்துக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு, சார். அப்ப பாத்துக்கலாம்."

"உங்க பேர்?"

"அதுவும் அப்பவே வரட்டும்."

பட்டியலில் அவள் பெயர் இன்று வரை இல்லை. அது எனக்கு வலிக்கிறது. ஆனால் அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் அதிகமாக வலித்திருக்கும். அந்த ஏழு மாதத்தில் இரண்டு போயிருக்கிறது. சென்ற வாரம் மகப்பேறு செவிலியர் சங்கம், இருநூறு பேர். தலைப்பு, பிறந்த குழந்தையின் முதல் மாதம். ரேடியோ ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போகிற வழியெல்லாம் புரட்டிக்கொண்டே வந்தார். மேடைப் படிக்கட்டில் நின்று, "மேடம், சீட்டைக் கொஞ்சம் குறைச்சுப் படிங்க" என்று மெதுவாகக் கேட்டார்.

"வந்ததெல்லாம் படிக்கணும்னு விதி, சார்" என்றாள் என் தங்கை.

நான் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இந்த முறை முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கத்திலிருந்த செவிலி மூன்றாவது சீட்டை எழுதிக்கொண்டிருந்தார்.